அலகு பிசகாமல் அடர்த்தி காண்பது எப்படி?

ஒரு பொருளின் நிறையை அதன் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். சூத்திரம் இவ்வளவு எளிதாக இருப்பதே புதியவர்களை ஏமாற்றிவிடுகிறது. கால்குலேட்டர் கையில் இருக்கும்போது வகுத்தல் தவறி விடை கெடுவது அரிது. மேலே எழுதிய எண்ணும் கீழே எழுதிய எண்ணும் எந்த அலகில் நிற்கின்றன என்று பாராமல் விடுவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. அளக்கத் தொடங்குவது முதல் விடையை எழுதி முடிப்பது வரை அலகுகளை எப்படிக் கையாள வேண்டும் என்பதைச் செய்முறையின் வரிசையிலேயே இங்கு பார்ப்போம்.

ஓர் உலோகக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளத்தை ஒருவர் வெர்னியர் அளவியால் அளந்து 50 மில்லிமீட்டர் என்று குறிக்கிறார். அகலத்தை அளவுகோலில் பார்த்து 2.5 சென்டிமீட்டர் என்று எழுதுகிறார். உயரம் மீண்டும் வெர்னியரில் 20 மில்லிமீட்டர். தராசு 67.5 கிராம் காட்டுகிறது. 50, 2.5, 20 ஆகிய மூன்றையும் அப்படியே பெருக்கினால் 2,500 வரும்; 67.5-ஐ அதனால் வகுத்தால் 0.027 வரும். இந்த 0.027-க்குப் பின்னால் எழுதுவதற்கு வழக்கிலுள்ள அலகு எதுவும் இல்லை, ஏனெனில் அந்த 2,500 கன மில்லிமீட்டரிலும் சேராது, கன சென்டிமீட்டரிலும் சேராது. மூன்றையும் சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 5.0 × 2.5 × 2.0 = 25 கன சென்டிமீட்டர் ஆகிறது; அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். அது அலுமினியத்தின் அடர்த்தி. அளந்த மூன்று அளவுகளிலும் குறை எதுவும் இல்லாதபோதே விடை நூறு மடங்கு விலகிப் போயிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் ஓர் இணையைத் தீர்மானியுங்கள்

தராசையோ அளவுகோலையோ தொடுவதற்கு முன்பே, நிறைக்கு எந்த அலகு, கன அளவுக்கு எந்த அலகு என்று தீர்மானித்து, குறிப்பேட்டில் அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். கையில் அடங்கும் பொருள்களுக்குக் கிராமும் கன சென்டிமீட்டரும் பொருத்தமானவை. தொட்டி, தூண், மண் குவியல் போன்ற பெரியவற்றுக்குக் கிலோகிராமும் கன மீட்டரும் ஏற்றவை. பன்னாட்டு அலகு முறையின் இணையும் இதுவே. திரவங்களைக் கையாளும் இடங்களில் கிலோகிராமும் லிட்டரும் வழக்கில் உள்ளன.

இந்த இணைகளுக்கு இடையே உள்ள உறவு எளிமையானது. கிராம்/கன சென்டிமீட்டர், கிராம்/மில்லிலிட்டர், கிலோகிராம்/லிட்டர் ஆகிய மூன்றிலும் அடர்த்தியின் எண் மாறுவதே இல்லை. கிலோகிராம்/கன மீட்டருக்குச் செல்லும்போது மட்டும் அந்த எண்ணை 1,000 ஆல் பெருக்க வேண்டும். ஆகவே அலுமினியம் முதல் மூன்று அலகுகளிலும் 2.7 ஆகவும், நான்காவதில் 2,700 ஆகவும் இருக்கும். தெரிந்த சில அடர்த்திகளை மனத்தில் வைத்திருப்பது அலகுப் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும். கன சென்டிமீட்டருக்குக் கிராம் கணக்கில் எத்தனால் 0.789, பனிக்கட்டி 0.917, தண்ணீர் ஏறத்தாழ 1, இரும்பு 7.87, செம்பு 8.96, ஈயம் 11.34, பாதரசம் 13.5, தங்கம் 19.3. அன்றாடம் கையாளும் திண்மங்களும் திரவங்களும் பெரும்பாலும் இந்த வீச்சுக்குள்ளேயே அடங்கும். திண்ம உலோகம் ஒன்றுக்கு 0.027 என்றோ 270 என்றோ விடை வந்தால், அளவீட்டைச் சந்தேகிப்பதற்கு முன் அலகைச் சந்தேகியுங்கள்.

ஒரு மில்லிலிட்டரும் ஒரு கன சென்டிமீட்டரும் மிகச் சரியாக ஒன்றே. மருத்துவமனைகளிலும் வாகன எஞ்சின்களிலும் சொல்லப்படும் சி.சி. என்பதும் இதுதான். எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பது சுவையான செய்தி: 1901-இல் லிட்டர் என்பது ஒரு கிலோகிராம் தூய நீர் தன் பெரும அடர்த்தி நிலையில் அடைக்கும் கன அளவு என வரையறுக்கப்பட்டது, துல்லியமாக அளந்தபோது அது 1.000028 கன டெசிமீட்டராக இருந்தது. 1964-இல் அந்த வரையறை கைவிடப்பட்டு, லிட்டர் என்பது கன டெசிமீட்டருக்கான இன்னொரு பெயர் என்றானது.

நீளத்தை மாற்றிய பிறகே கனமாக்குங்கள்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். நீள அளவுகள் வெவ்வேறு அலகுகளில் இருந்தால் அவற்றை ஒரே அலகுக்கு மாற்றிய பிறகே பெருக்க வேண்டும். பெருக்கி முடித்துவிட்டுக் கன அளவை மாற்ற முயலக் கூடாது. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு கன மீட்டருக்கு 100 கன சென்டிமீட்டர் என்று கை தானாகவே எழுதிவிடுகிறது. நீளம், அகலம், உயரம் என்ற மூன்று திசைகளிலும் 100 மடங்காவதால் உண்மையில் அது 10,00,000 கன சென்டிமீட்டர். அதே போல் ஒரு கன சென்டிமீட்டரில் 1,000 கன மில்லிமீட்டர் இருக்கின்றன; 10 அல்ல.

1.2 மீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் 450 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு தொட்டியில் எத்தனை லிட்டர் நீர் பிடிக்கும்? மூன்றையும் மீட்டராக்கினால் 1.2 × 0.80 × 0.45 = 0.432 கன மீட்டர். 1,000 ஆல் பெருக்க 432 லிட்டர். இதைவிடக் குறுக்கு வழி ஒன்று உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் என்பது ஒரு கன டெசிமீட்டர் ஆகையால், அளவுகளை டெசிமீட்டரில், அதாவது 10 சென்டிமீட்டர் கணக்கில் எழுதினால், 12 × 8 × 4.5 = 432 என்று நேரடியாக லிட்டரிலேயே விடை வந்துவிடுகிறது.

அங்குலத்தில் அளவு கிடைத்தாலும் இதே முறைதான். ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்டிமீட்டர். ஒவ்வொரு பக்கத்தையும் 2.54 ஆல் பெருக்கிய பிறகு கன அளவைக் காணுங்கள். ஒரு கன அங்குலம் ஏறத்தாழ 16.39 கன சென்டிமீட்டர் என்பதை நினைவில் வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தலாம்; நினைவில் இல்லாதவர் 2.54 என்ற ஓர் எண்ணை மட்டும் நம்பினால் போதும்.

உருண்டையிலும் உருளையிலும் இன்னொரு குழி காத்திருக்கிறது. வெர்னியர் அளவி காட்டுவது விட்டத்தை. பாடநூல் சூத்திரம் கேட்பது ஆரத்தை. 19.05 மில்லிமீட்டர் விட்டமும் 28.4 கிராம் நிறையும் கொண்ட ஓர் எஃகு உருண்டையை எடுத்துக்கொண்டால், ஆரம் 0.9525 சென்டிமீட்டர், கன அளவு 3.62 கன சென்டிமீட்டர், அடர்த்தி 7.85. விட்டத்தையே ஆரமாக எண்ணிப் போட்டால் கன அளவு எட்டு மடங்காகி, அடர்த்தி 0.98 என்று வரும். கணக்கின்படி அந்த எஃகு உருண்டை தண்ணீரில் மிதக்க வேண்டும். உருளையில் இதே தவறு நான்கு மடங்கு பிழையைத் தரும். விடை எட்டு மடங்கோ நான்கு மடங்கோ பிசகினால் விட்டத்தையும், பத்தின் அடுக்குகளில் பிசகினால் அலகையும் திரும்பிப் பாருங்கள்.

ஒழுங்கற்ற பொருளை நீரில் அமிழ்த்தி அளத்தல்

பக்கங்களை அளக்க முடியாத பொருளுக்கு, அது வெளியேற்றும் நீரின் கன அளவே அதன் கன அளவாகும். அளவுச் சாடியில் பொருள் முழுவதும் மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்துக்கொண்டு, நூலில் கட்டிய பொருளை மெல்ல இறக்கி, புதிய மட்டத்தைக் குறிக்க வேண்டும். இரண்டின் வேறுபாடுதான் கன அளவு. சாடி சமதளத்தில் நிற்க வேண்டும். கண் நீர்மட்டத்தின் உயரத்துக்கே இறங்க வேண்டும். கண்ணாடிச் சுவரை ஒட்டி மேலேறி வளைந்திருக்கும் நீர்ப்பரப்பின் அடிவிளிம்பைப் படிக்க வேண்டும். பாதரசத்துக்கு அந்த வளைவு தலைகீழாக இருப்பதால் மேல்விளிம்பைப் படிப்பார்கள். பொருளில் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகள் கன அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், நூலை லேசாக ஆட்டி அவற்றை விடுவிக்க வேண்டும்.

சாடியின் கோடுகளைப் படிப்பதற்கு முன், இரண்டு கோடுகளுக்கு இடையே எத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கிடுங்கள். 50-க்கும் 60-க்கும் நடுவே ஐந்து இடைவெளிகள் இருந்தால் ஒவ்வொன்றும் 2 மில்லிலிட்டர். பத்து இருந்தால் 1 மில்லிலிட்டர். எல்லாச் சாடியிலும் ஒரு சிறு கோடு ஒரு மில்லிலிட்டர் என்று கருதிக்கொள்வதும் அலகுப் பிழைதான். சில சமையல் அளவுக் கோப்பைகளில் ஒரு பக்கம் மில்லிலிட்டரும் மறுபக்கம் திரவ அவுன்ஸும் இருக்கும். எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொண்டால் நல்லது.

ஓர் உலோகத் துண்டின் நிறை 74.6 கிராம் என்றும், சாடியில் நீர்மட்டம் 52.0-இலிருந்து 61.5 மில்லிலிட்டருக்கு உயர்ந்தது என்றும் கொள்வோம். கன அளவு 9.5 மில்லிலிட்டர், அதாவது 9.5 கன சென்டிமீட்டர். கால்குலேட்டர் 7.8526315 என்று காட்டும். இதில் எத்தனை இலக்கங்களை நம்பலாம்? ஒவ்வொரு வாசிப்பிலும் அரை மில்லிலிட்டர் முன்பின் இருக்கலாம் என்றால், வேறுபாட்டில் ஒரு மில்லிலிட்டர் வரை பிசகலாம். கன அளவு 8.5 ஆக இருந்தால் அடர்த்தி 8.8, 10.5 ஆக இருந்தால் 7.1. இரும்பும் இதற்குள் வருகிறது, 8.4 முதல் 8.7 வரை அடர்த்தியுள்ள பித்தளையும் இதற்குள் வருகிறது. அலகு சரியாக இருந்தும் விடை எதையும் தீர்மானிக்கவில்லை.

இதற்குத் தீர்வு எளிது. அதே போன்ற ஐந்து துண்டுகளை ஒருசேர அமிழ்த்துங்கள். நிறை 373 கிராம், கன அளவு 47.5 கன சென்டிமீட்டர் என்று வரும்போது, அதே ஒரு மில்லிலிட்டர் பிசகு அடர்த்தியை 7.7-க்கும் 8.0-க்கும் இடையே மட்டுமே நகர்த்துகிறது, பித்தளை விலகிவிடுகிறது. ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறதென்றால், கோடுகளைப் படிப்பதைக் கைவிட்டு வேலையைத் தராசிடம் ஒப்படைக்கலாம். மின்னணுத் தராசின்மேல் நீருள்ள பீக்கரை வைத்துச் சுழியாக்குங்கள். துண்டை நூலில் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கும்படி பிடியுங்கள். தராசு இப்போது காட்டுவது, வெளியேற்றப்பட்ட நீரின் நிறை. 9.48 கிராம் என்று காட்டினால், 20 டிகிரி செல்சியசில் நீரின் அடர்த்தியான 0.9982-ஆல் வகுத்து 9.50 கன சென்டிமீட்டர் என்று பெறுகிறோம். 74.60-ஐ இதனால் வகுத்தால் 7.85. சாடியைக்கொண்டு எட்ட முடியாத துல்லியம் இது, பள்ளி ஆய்வகத்திலும் இயலும். இதில் தவறாமல் கவனிக்க வேண்டியது, தராசு காட்டும் கிராமைக் கன சென்டிமீட்டராக அப்படியே எழுதிவிடாமல் நீரின் அடர்த்தியால் வகுத்து எழுதுவதே. வேறுபாடு ஐந்நூறில் ஒரு பங்குதான். ஆனால் நீருக்குப் பதிலாக எத்தனாலைப் பயன்படுத்தும் நாளில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பிசகும்.

தண்ணீரில் மிதக்கும் பொருளுக்கு, ஓர் உலோக எடையை அதனுடன் கட்டி அமிழ்த்தி, எடைக்கு மட்டும் உரிய கன அளவைக் கழிக்க வேண்டும். நீரை உறிஞ்சும் பொருளுக்கு இந்த முறை உதவாது.

தராசின் திரையில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

மின்னணுத் தராசுகள் பலவற்றில் அலகை மாற்றும் பொத்தான் உண்டு. விரல் பட்டு அது கிராமிலிருந்து அவுன்சுக்கோ காரட்டுக்கோ மாறியிருந்தால், எண் பிசிறில்லாமல் தெரியும்; பொருள் மட்டும் மாறியிருக்கும். ஒரு காரட் 0.2 கிராம். அவுன்ஸ் பற்றிச் சொல்வதானால், அது ஒரே அலகே அல்ல: பொருள்களை நிறுக்கும் அவுன்ஸ் 28.35 கிராம், தங்கம், வெள்ளிக்கான டிராய் அவுன்ஸ் 31.10 கிராம், திரவ அவுன்ஸோ கன அளவைக் குறிப்பது, அமெரிக்காவில் 29.57 மில்லிலிட்டர், பிரிட்டனில் 28.41 மில்லிலிட்டர். கேலனும் இப்படித்தான், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். எந்த நாட்டின் கேலன் என்று சொல்லப்படாத கணக்கை நான் தொடங்கமாட்டேன்; அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் செய்யும் மற்ற எல்லாத் துல்லியமும் வீண்.

சுருள்வில் தராசு நியூட்டனில் காட்டினால் அது எடை, அதாவது விசை. அதை 9.8 ஆல் வகுத்துக் கிலோகிராமாக்கிய பிறகே அடர்த்திச் சூத்திரத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

அடர்த்தி எண்ணுக்கும் அலகு உண்டு

இதுவரை நிறையையும் கன அளவையும் கொண்டு அடர்த்தியைக் கண்டோம். நடைமுறையில் பல வேளைகளில் கணக்கு மறுதிசையில் போகும்: அடர்த்தியை அட்டவணையிலிருந்து எடுத்து, லிட்டரைக் கிலோகிராமாகவோ கிலோகிராமை லிட்டராகவோ மாற்றுவோம். அப்போது அட்டவணை எண் எந்த அலகில் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

1983 ஜூலை 23 அன்று கனடாவில் மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடா 143-ஆம் விமானம், ஒரு போயிங் 767, இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. எரிபொருள் அளவு காட்டும் கருவி பழுதாகியிருந்ததால், தொட்டியில் குச்சி விட்டு அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோகிராமாக்க அவர்கள் பயன்படுத்திய எண் 1.77. அந்த எண் தவறானதல்ல, ஆனால் அது லிட்டருக்கு 1.77 பவுண்டு, கிலோகிராமுக்கு உரிய எண் ஏறத்தாழ 0.80. 7,682 × 1.77 என்று பெருக்கி 13,597 கிலோகிராம் இருப்பதாகக் கொண்டார்கள், உண்மையில் அது 13,597 பவுண்டு. மீதித் தேவையான 8,703-ஐயும் 1.77 ஆல் வகுத்து, ஏறத்தாழ 4,900 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். சரியாகக் கணக்கிட்டிருந்தால் ஏறத்தாழ 20,000 லிட்டர் நிரப்பியிருக்க வேண்டும். தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு புறப்பட்ட விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் நடுவானில் நின்றன. விமானிகள் அதைச் சறுக்கியபடியே கொண்டுவந்து, மானிடோபா மாகாணத்தின் கிம்லியில் இருந்த பழைய விமானத்தளத்தில் இறக்கினார்கள். உயிரிழப்பு எதுவும் இல்லை.

அந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு எழுதப்பட்டிருந்தால், முதல் வரியிலேயே அது நின்றிருக்கும்: 7,682 லிட்டர் × 1.77 பவுண்டு/லிட்டர் என்று எழுதினால் லிட்டரும் லிட்டரும் அடிபட்டுப்போய், எஞ்சுவது பவுண்டு என்பது கண்ணுக்கே தெரியும். அலகுகளையும் எண்களைப் போலவே பெருக்கவும் வகுக்கவும் அடிக்கவும் பழகுங்கள். எதிர்பார்த்த அலகு எஞ்சவில்லையென்றால் விடையைப் பார்க்கவே தேவையில்லை.

ஒப்படர்த்தி என்று தரப்பட்டிருந்தால் அதற்கு அலகு கிடையாது, ஏனெனில் அது நீரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட விகிதம். 0.85 ஒப்படர்த்தி உள்ள எண்ணெய் என்றால், லிட்டருக்கு ஏறத்தாழ 0.85 கிலோகிராம், கன மீட்டருக்கு 850 கிலோகிராம், கன அடிக்கு 53 பவுண்டு. கடைசி எண், நீர் கன அடிக்கு 62.4 பவுண்டு என்பதிலிருந்து வருகிறது.

வெப்பநிலையும் பொடியும்

நிறை வெப்பத்தால் மாறாது. கன அளவு மாறும். நீர் 4 டிகிரி செல்சியசில் 0.99997, 20 டிகிரியில் 0.9982, 25 டிகிரியில் 0.9970. எத்தனால் அதே ஐந்து டிகிரியில் 0.789-இலிருந்து 0.785-க்குக் குறைகிறது. கண்ணாடி அளவுக் கருவிகளில் பெரும்பாலும் 20 டிகிரி என்று பொறிக்கப்பட்டிருக்கும். அந்த வெப்பநிலையில்தான் அவற்றின் கோடுகள் சரியானவை. இரண்டு இலக்கத் துல்லியம் போதுமென்றால் இதைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்றாவது இலக்கம் வேண்டுமென்றால் வெப்பமானியும் வேண்டும்.

மணல், மாவு போன்றவற்றைச் சாடியில் கொட்டி அளந்தால், துகள்களுக்கு இடையே உள்ள காற்றும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. குவார்ட்ஸ் துகளின் அடர்த்தி 2.65, உலர்ந்த மணலைக் கொட்டி அளந்தால் 1.5-க்கும் 1.7-க்கும் இடையே வரும். இரண்டும் ஒரே அலகில் எழுதப்படுவதால், எது எது என்று சொற்களால் குறித்தாக வேண்டும்.

குறிப்பேட்டில் விடை

விடையை எழுதும்போது எண், அலகு, வெப்பநிலை, அளந்த முறை ஆகிய நான்கும் ஒரே வரியில் இருக்கட்டும். இலக்கங்களின் எண்ணிக்கை, அளவீடுகளில் மிகக் குறைந்த துல்லியம் உள்ளதை மிஞ்ச வேண்டாம். மேலே கண்ட துண்டுக்குச் சாடியில் கிடைத்த விடையை "7.9 கிராம்/கன சென்டிமீட்டர், சாடி முறை" என்றும், தராசில் கிடைத்ததை "7.85 கிராம்/கன சென்டிமீட்டர், 20 டிகிரி செல்சியஸ், நீரில் தொங்கவிட்டு நிறுத்தது" என்றும் எழுதலாம். வேறொருவர் அதைக் கிலோகிராம்/கன மீட்டருக்கு மாற்ற விரும்பினால் 1,000 ஆல் பெருக்கி 7,850 என்று எழுதிக்கொள்வார். 1,000-ஆல் பெருக்கியதனால் அந்தக் கடைசிச் சுழி அளந்து பெற்ற இலக்கமாகிவிடாது என்பதை மட்டும் அவர் கவனிக்க வேண்டும்.